பிள்ளையின் எடைக்காக வாங்கும் சாமான்கள்: எது தேறும், எது தேறாது

பள்ளி மருத்துவ முகாமில் 'ஓவர்வெயிட்' என்று சீட்டு எழுதிக் கொடுத்த மறுநாளே வீட்டில் ஷாப்பிங் தொடங்கிவிடும். சிறுதானிய நூடுல்ஸ், ஏர் ஃப்ரையர், நடையை எண்ணும் வாட்ச், ஆன்லைனில் 12 வாரப் பேக்கேஜ். சென்னையில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கடையிலும் ஆப்பிலும் 'கிட்ஸ் ஹெல்த்' என்ற பெயரில் விற்காதது எதுவும் இல்லை.

அப்படி வாங்கப்படும் சாமான்களையும் சேவைகளையும் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அளவுகோல் ஒன்றுதான். பிள்ளையை மட்டும் தனியாகப் பிடித்துத் திருத்தப் பார்க்கும் பொருள் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும். வீட்டில் எல்லோருடைய தட்டையும் டம்ளரையும் சேர்த்து மாற்றும் பொருள் நிற்கும். கணக்குப் பார்த்தால், தேறுபவற்றில் பெரும்பாலானவை விலை குறைந்தவை.

எடை மெஷினும் உயரம் அளக்கும் டேப்பும்

வாங்க வேண்டியவற்றில் முதலாவது இது. ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மெஷின் போதும். 100 கிராம் வித்தியாசம் காட்டினால் சரி. கொழுப்பு சதவீதம், எலும்பின் எடை, 'உடல் வயது' என்று வரிசையாகச் சொல்லும் ஸ்மார்ட் மெஷினுக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டாம். பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிற கருவி அது. பிள்ளை விளையாடி வியர்த்து வந்தால் ஒரு கணக்கு சொல்லும், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இன்னொரு கணக்கு சொல்லும்.

மெஷினை வெறும் டைல்ஸ் தரையில் வையுங்கள். பாய், கால்மிதி மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். காலையில் பாத்ரூம் போய் வந்த பிறகு, சாப்பிடும் முன், மெல்லிய உடுப்பில் பாருங்கள். மாதம் ஒரு முறை போதும். தினமும் ஏற்றி நிறுத்தினால் குடித்த தண்ணீரும் போகாத மலமும் ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வந்த சொந்தக்காரர்கள் முன்னால் ஏற்றி நிறுத்துவது அதைவிடக் கெடுதல். அடுத்த மாதம் பிள்ளை மெஷின் பக்கமே வராது.

எடையைவிட அதிகமாகத் தப்பாகிப்போவது உயரம். ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட சுவர் ஸ்டிக்கர் 50 அல்லது 60 சென்டிமீட்டரில் தொடங்கும். தரையிலிருந்து அதே அளவு உயரத்தில் அதை ஒட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கண் மதிப்பில் ஒட்டிவிடுகிறார்கள். நம் ஊர் அபார்ட்மெண்டுகளில் இன்னொரு சிக்கல், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல். அது குதிகாலை முன்னால் தள்ளிவிடுவதால் பிள்ளையின் முதுகு சுவரில் சரியாகப் பொருந்தாது. கதவு நிலையோ, ஸ்கர்ட்டிங் இல்லாத தூணோ பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டை, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குதிகால், பின்பக்கம், தோள் மூன்றும் ஒட்ட நிறுத்தி, பார்வையை நேராக வைக்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, தலைமேல் அழுத்திவைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பால் தரையிலிருந்து அளந்தால் போதும்.

இரண்டு சென்டிமீட்டருக்கு இவ்வளவு அமர்க்களமா என்று தோன்றலாம். 42 கிலோ எடையுள்ள பிள்ளை 140 செ.மீ. உயரம் என்றால் பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 21.4. அதே பிள்ளையை 138 என்று அளந்தால் 22.1. ஆறு மாத உழைப்பில் வரக்கூடிய மாற்றம் ஒரு ஸ்டிக்கர் தப்பில் காணாமல் போய்விடும்.

இதே கணக்கில்தான் பெற்றோருக்கு நல்ல சேதியும் இருக்கிறது. அந்தப் பிள்ளை 145 செ.மீ. ஆகும்வரை எடை 42-லேயே நின்றால் பிஎம்ஐ 20-க்கு இறங்கிவிடும். பருவ வயதுக்கு முன்னால் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்கிறார்கள். ஒரு கிலோகூடக் குறைக்காமல், ஏறாமல் மட்டும் பார்த்துக்கொண்டாலே ஒரு வருடத்தில் நிலைமை மாறும். வளரும் வயதில் பட்டினி போடுவதற்கு அவசியமே இல்லாத பிள்ளைகள்தான் பெரும்பாலோர்.

போன் ஆப் சொல்லும் '23-க்கு மேல் ஓவர்வெயிட்' என்பது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வயதும், ஆணா பெண்ணா என்பதும் சேர வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணை 5 முதல் 18 வயதுக்கானது. அதில் பெரியவர்களின் 23, 27 என்ற அளவுகளுக்குச் சமமான இரண்டு கோடுகள் இருக்கும். முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடல் பருமன். ஐந்து வயதுக்குக் கீழே உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை.

தையல்காரர் டேப் ஒன்றும் வாங்கி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய விஷயம். 140 செ.மீ. பிள்ளைக்கு 70 செ.மீ. எல்லை.

பாலும் பவுடரும்

இந்த அலமாரியில்தான் காசு அதிகம் வீணாகிறது. 'ஹெல்த் டிரிங்க்' என்று நாம் பழகிவிட்ட பெயருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே கிடையாது. மால்ட் பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் மத்திய வர்த்தக அமைச்சகமும் 2024 ஏப்ரலில் ஆன்லைன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தின. ஆப்பில் தலைப்பு மாறியது. டம்ளருக்குள் போவது மாறவில்லை.

டப்பாவைத் திருப்பி 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். பிராண்டுக்கு பிராண்டு மாறும். 100 கிராமுக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் பவுடரில் 6 கிராம். 'புள்ளைக்கு இனிப்பு பத்தாது' என்று மேலே போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம். காலை ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், ஆக 32 கிராம். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தி 1700 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொல்லியிருக்கிறது. அதில் சேர்த்த சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது 42 கிராம், 21 கிராம். 42 கிராமில் முக்கால்வாசி பால் டம்ளரிலேயே முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சாஸும் பிறந்தநாள் கேக்கும் இன்னும் பாக்கி.

'குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை' என்பதற்காக விற்கும் வளர்ச்சிப் பவுடர்கள் இன்னும் மோசம். ஒல்லியான பிள்ளைக்குக் கூடுதல் கலோரி ஏற்றுவதுதான் அவற்றின் வேலை. இரண்டு வயதில் ஆரம்பித்த டப்பாவை எட்டு வயதில், எடை கூடிய பிறகும் நிறுத்தாத வீடுகள் நிறைய.

ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை பாலையே வேண்டாம் என்று தள்ளிவிடும். முதல் வாரம் மேல் சர்க்கரையை ஒன்றரை ஸ்பூனாகக் குறையுங்கள், அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை, பிறகு இல்லை. அது முடிந்த பின்தான் பவுடரில் கை வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் கதை கந்தல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கு மாறுவதால் இந்தக் கணக்கில் எதுவும் குறையாது.

பால் பாக்கெட்டிலும் ஒரு முடிவு எடுக்கலாம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. அரை லிட்டர் குடிக்கும் பிள்ளைக்கு வித்தியாசம் 15 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட 135 கலோரி. வீட்டுக்கே நீலம் வாங்குங்கள். பெரியவர்கள் காபிக்கு ஆரஞ்சு, பிள்ளைக்கு நீலம் என்று பிரித்தால் அன்றைக்கே சண்டை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. அது வேறு கணக்கு.

வீட்டில் அரைத்த சத்துமாவு நல்ல பொருள்தான். ஆனால் முந்திரி, பாதாம் சேர்த்து அரைத்த மாவில் வெல்லம் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிட்டு, மேலே நாலு இட்லியும் சாப்பிட்டால் அது இரண்டு டிபன். கஞ்சி குடிக்கும் நாளில் கஞ்சிதான் டிபன்.

சிறுதானியப் பாக்கெட்டுகள், ஜூஸ்

பொருட்களின் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சாக வேண்டும் என்பது விதி. ஆகவே முன்பக்கம் கேழ்வரகுப் படம் இருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் முதல் பெயர் கோதுமை மாவோ மைதாவோ என்றால் அதுதான் நூடுல்ஸ், கேழ்வரகு சாஸ்திரத்துக்கு. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ பாமாயிலோ வந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்த ராகி சிப்ஸ் பொரித்த சிப்ஸ்தான். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற பிஸ்கட்டில் பேரீச்சை சிரப் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூஸ் டெட்ரா பேக்குக்கு நீண்ட விமர்சனம் தேவையில்லை. 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் 200 மில்லி பாக்கெட்டில் 24 கிராம்; ஐந்து ஸ்பூன். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்த ஜூஸில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லிவிட்டது. டயட் கோலாவுக்கு மாறுவதும் வழி அல்ல. எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. சென்னை வெயிலுக்கு நீர்மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் இருக்கின்றன. ரோஸ் மில்க், கரும்புச் சாறு இரண்டும் இனிப்புக் கணக்கில் சேர வேண்டியவை.

ஏர் ஃப்ரையர்

பாதி மார்க். வாழைக்காய், காலிஃபிளவர், கோழித் துண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய் புரட்டிப் போட்டால் நன்றாகவே வரும். பஜ்ஜி வராது, கரைத்த மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகி அடியில் கருகும். மசால் வடையை மெல்லியதாகத் தட்டி, மேலே எண்ணெய் தடவி வைத்தால் தேறும். மெதுவடை கல்லாகிவிடும். அப்பளம் ஓரிரு நிமிடத்தில் பொரியும், ஆனால் காற்றின் வேகத்தில் மேலே பறந்து சூடான கம்பியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு சிறிய கம்பித் தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

இதில் காசு வீணாவது எங்கே என்றால், ஏர் ஃப்ரையர் வந்ததும் ஃப்ரீசரில் நக்கெட்ஸ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட்டுகள் குடிவந்துவிடும். பெரும்பாலும் அவை தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் பொரித்தவை. வாரம் ஒரு தடவை பொரித்துச் சாப்பிட்ட வீடு, 'எண்ணெயே இல்லையே' என்று வாரம் நாலு தடவை சாப்பிட ஆரம்பிக்கும்.

அதே பலனை 5 மில்லி அளவு ஸ்பூன் ஒன்று தரும். எண்ணெயை கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் ஸ்பூனால் எண்ணி ஊற்றிப் பழகுங்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு, இரண்டரை லிட்டர் என்று கேனின் மேல் தேதி எழுதி வைத்துக்கொண்டால், தோசைக்கு எவ்வளவு போகிறது என்று அப்போதுதான் தெரியும். ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடையில் அந்த ஸ்பூன் செட்டைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

தட்டு, சுண்டல் டப்பா, டைம்பீஸ்

அதே கடையில் வாங்க வேண்டிய வேறு இரண்டு: எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிறிய தட்டு, 150 மில்லி டம்ளர். தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பாகம் சாதம், கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ. சாதப் பாத்திரத்தை டேபிளுக்குக் கொண்டுவராமல் சமையலறையிலேயே பரிமாறிக் கொண்டுவாருங்கள். எதிரில் பாத்திரம் இருந்தால் கரண்டி தானாகப் போகும். இரண்டாம் முறை கேட்டால் முதலில் காய், அதன் பிறகும் பசி இருந்தால் கொஞ்சம் சாதம். 'போதும்' என்று பிள்ளை சொன்னால் அங்கே நிறுத்திவிட வேண்டும். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு தீர்மானிக்கட்டும். 'வளர்ற புள்ள, ஒரு வாய்' என்று தாத்தா பாட்டி ஊட்டுவதைச் சண்டை போட்டு நிறுத்த முடியாது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: காய் நறுக்குவது, சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப்போவது.

எல்லாத் திட்டமும் கவிழும் நேரம் மாலை 4.30. பள்ளி வேன் வந்து நிற்கும், பசி உச்சத்தில் இருக்கும், 5.30-க்கு டியூஷன். கையில் எதுவும் தயாராக இல்லையென்றால் தெருமுனை பேக்கரி பப்ஸ்தான். இதற்கு மூடி போட்ட மூன்று டப்பாக்கள் வாங்குங்கள். ஞாயிறு இரவு கொண்டைக்கடலையையோ பட்டாணியையோ ஊறவைத்து, திங்கள் காலை உப்புப் போட்டு நாலைந்து விசில் விட்டு, தண்ணீரை வடித்து, ஆறியதும் பிரித்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பச்சையாக 40, 50 கிராம் போதும். மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். வடிக்காமல் வைத்தால் இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும். வேன் வரும்போது ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, மாங்காய், கொஞ்சம் தேங்காய் போட்டால் பீச் சுண்டல் ரெடி.

டைம்பீஸ் எதற்கு? படுக்கையறையிலிருந்து போனை வெளியேற்ற. 'அலாரத்துக்கு வேணும்' என்ற சாக்கு அதோடு போகும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததற்கும். வேன் ஏழு மணிக்கு, எழுவது 6.15 என்றால் இரவு 9.15-க்குத் தூங்கியிருக்க வேண்டும். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

வாட்ச், ஸ்கிப்பிங் கயிறு, கோச்சிங்

நடை எண்ணும் வாட்ச் புதுமை தீரும் வரை வேலை செய்யும். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஸ்கிப்பிங் கயிறு மலிவு, மொட்டை மாடியே போதும். கயிற்றின் நடுவில் நின்று இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் கால் தடுக்கும். எடை மிகவும் கூடிய பிள்ளைக்குத் தொடக்கத்தில் இது வேண்டாம். சிமெண்ட் தரையில் குதித்தால் முழங்காலும் குதிகாலும் வலித்து, 'எனக்கு எக்சர்சைஸே வேணாம்' என்று முடியும். அவர்களுக்கு நீச்சல், சைக்கிள், வேக நடை. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் ஓடிப்பிடித்து விளையாடுவது காலுக்கு மெத்து; திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடைப் பக்கம் போகாமல் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கோச்சிங் சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எத்தனை நிமிடம் மூச்சு வாங்க ஓடுகிறது என்று கணக்கெடுங்கள். கிரிக்கெட்டில் வரிசையில் நிற்பதும் ஃபீல்டிங்கில் நிற்பதுமாகப் பாதி நேரம் போய்விடும். சிலம்பம், கால்பந்து, பேட்மிண்டன் ஆகியவற்றில் அசைவு அதிகம், ஆனால் ஒரு கோர்ட்டுக்கு எட்டுப் பிள்ளைகள் என்றால் அங்கும் வரிசைதான். தேவை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். அதில் வாரத்தில் மூன்று நாளாவது வேர்த்து விறுவிறுக்க. ஒரே தடவையில் 60 என்றில்லை, இருபது இருபதாகப் பிரிக்கலாம். மே மாத வெயிலுக்குக் காலை 6 மணி. நவம்பர் மழைக்கு அபார்ட்மெண்ட் படிக்கட்டோ வீட்டுக்குள் பாட்டுப் போட்டு ஆட்டமோ, ஏதாவது ஒன்று தயாராக இருக்கட்டும்; மழை மாதத்தில் விட்ட பழக்கம் ஜனவரியில் தானாகத் திரும்பி வருவதில்லை.

12 வாரப் பேக்கேஜ்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு டயட் சார்ட், வாரம் ஒரு போன் கால், மாதம் ஒரு டப்பா பவுடர் என்ற வகைக்குப் பணம் கட்டாதீர்கள். பலன் தருவது குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசும் திட்டம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2023 வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதங்களில் நேருக்கு நேராக 26 மணி நேரமாவது தேவை என்கிறது. நம் ஊரில் அவ்வளவு கிடைப்பது அரிது. ஆனாலும் 15 நிமிடக் கால் நாலு போட்டு 'முழுப் புரோகிராம்' என்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்கலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை: முதல் நாளில் உயரத்தை நீங்களே அளப்பீர்களா? சமைப்பவர், அது பாட்டியோ சமையல் அக்காவோ, அவரும் வர வேண்டுமா? குறட்டை, தூக்கம், பள்ளியில் கேலி இதெல்லாம் விசாரிப்பீர்களா? 'மாதம் 5 கிலோ குறையும்' என்று வாக்குக் கொடுப்பவர், மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் கீட்டோ டயட் சொல்பவர், பிள்ளையின் 'முன்பு, பின்பு' படம் கேட்பவர் மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

சிலருக்குப் பேக்கேஜ் அல்ல, முதலில் டாக்டர்தான். சாப்பாட்டால் எடை கூடிய பிள்ளை பொதுவாக வயதுக்கு நல்ல உயரமாகவே இருக்கும். குட்டையாக இருந்து எடையும் கூடினால், அல்லது உயரம் கூடுவது நின்றுபோனால், தைராய்டு முதலிய ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்த தோல் அழுக்கு அல்ல. தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, இடுப்பிலோ முழங்காலிலோ வலித்து நொண்டுவது, அடிக்கடி தாகமும் சிறுநீரும் என்றால் தள்ளிப்போடக் கூடாது. தனியாரிடம் போக வசதியில்லாதவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது மாதாமாதம் எழுதிய உயரம், எடைக் குறிப்பு, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள் (ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை இருந்தால் முக்கியமாக), சனி ஞாயிறில் ஒன்று சேர்த்து மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு, இவற்றை எடுத்துப்போங்கள். அந்தக் குறிப்பில் வேனில் நண்பன் கொடுத்த சாக்லேட்டும், இரவு பத்து மணிக்கு அப்பாவோடு சாப்பிட்ட இரண்டாவது தோசையும் விடுபடாமல் இருக்கட்டும்.